புதுப்புல்லும் துள்ளுமாரியும்

தோவாளைப் பக்கம் மழைக்குப் பின் புதுப்புல் முளைத்தால் எனக்குக் கவலை தொடங்கிவிடும். கொழுத்த ஆட்டுக்குட்டிதான் முதலில் போகும். மாலையில் மேய்ந்தது காலையில் செத்துக் கிடக்கும். "பாம்பு கடிச்சிருக்கும் டாக்டர்" என்பார்கள். எனக்குச் சந்தேகம், ஆடுகளைத் திடீரெனக் கொல்லும் குடல் நச்சு நோயான துள்ளுமாரி மேல்தான்.

அதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் இருக்கும். ஆகவே கிருமி வளர்ந்தது என்ற அறிக்கை மட்டும் போதாது. பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் கிருமியின் ஆல்பா நச்சுக்கான மரபணுவோடு எப்சிலான் நச்சின் மரபணுவும் தெரிந்து, பீட்டா நச்சின் மரபணு இல்லையென்றால் அது துள்ளுமாரியை உண்டாக்கும் டி வகை. அப்புறம் நச்சையே கண்டறியும் எலைசா சோதனையில் குடல் நீரிலேயே எப்சிலான் கிடைக்க வேண்டும்.

செத்த பிறகும் இந்தக் கிருமி பெருகும். அதனால் தயவுசெய்து உடனே கூப்பிடுங்கள். சிறுகுடல் துண்டின் இரு முனையையும் கட்டி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். புதைத்துவிட்டுச் சொன்னால் மிச்ச ஆடுகளை எப்படிக் காப்பாற்றுவது? தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.