பெல்ட் ஏன் தேய்ந்தது: ஜூலை நாட்குறிப்பு

2025 ஜூலை 6, ஞாயிறு

காரின் சத்தம் இனி விட்டுவைக்கிற சத்தம் இல்லை. ஸ்டார்ட் பண்ணி நிற்கும்போது ‘கிச் கிச்’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் அதுவே நீண்டு ‘கீ...ச்’ என்று இழுக்கிறது. ஏசியைப் போட்டால் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் 800 சிசி சின்னக் காரில் பெல்ட் இரண்டு. ஒன்று ஏசி கொம்ப்ரஸருக்கு. மற்றது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்ட்டனேற்றரையும் எஞ்சினுக்குள் தண்ணீரை ஓட்டும் வோட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுவது, எல்லோரும் ஃபேன் பெல்ட் என்று சொல்வது. லைட் போட்டால் அல்ட்டனேற்றருக்குத்தான் பாரம் கூடும். ஆகவே வழுக்குவது ஃபேன் பெல்ட்தான்.

25ஆம் திகதி, ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள், அம்மாவைத் திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரைக்கும் காடு. பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும். அந்த இடத்தில் இந்தப் பெல்ட் அறுந்தால் பற்றரி சார்ஜ் ஏறாமல் போவது சின்ன விஷயம். வோட்டர் பம்பும் நின்றுவிடும். தண்ணீர் ஓடாத எஞ்சின் கொஞ்ச நேரத்திலேயே கொதிக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளையும், அதன் கீழே கசிவை அடைக்கும் கஸ்கெட் போகும். சின்னக் காரில் ஒரு பெல்ட்டுக்காக எஞ்சினையே இழப்பது எனக்குச் சம்மதமில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டு மாமா வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்புக்கு லொறி ஓடிய மனிசன். “பிள்ளை, சோப்புக் கட்டியை ஒருக்காத் தேய்ச்சு விட்டா நிண்டுடும்” என்றார். அப்புறம் அவரே, “ஆனா நிண்டது சத்தம் மட்டும்தான். பெல்ட்டைப் பாக்காத, பெல்ட் ஓடுற தடத்தைப் பார்” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன். சோப்பும் மெழுகும் றப்பரில் ஒட்டி, இந்தக் கச்சான் காற்று வாரிக்கொண்டு வரும் புழுதியை எல்லாம் பெல்ட்டிலேயே படியவைக்கும்.

ஜூலை 7, திங்கள்

எஞ்சின் நன்றாக ஆறியபிறகு பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டின் உள்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மேட்டு வரிகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. வெடிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. இதைப் பார்த்து நல்ல பெல்ட் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பழைய நியோபிரீன் றப்பர் பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடிக்கும். இப்போது வருகிற ஈபிடிஎம் றப்பர் இலேசில் வெடிக்காது. வரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பள்ளம் அகன்று போகும். தேய்ந்த வரி, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்துக்கு அடியில் போய் உட்காரும். பக்கச் சுவரை இறுக்கிப் பிடிக்காது. பிடிமானம் முழுக்க அந்தப் பக்கச் சுவரில்தான் இருக்கிறது.

பெல்ட்டைவிட அதன் ஓரம்தான் எனக்கு அதிகம் சொன்னது. எஞ்சின் பக்கத்து விளிம்பில் மட்டும் நூல் பிரிந்து, விரல்நீளத்துக்கு ஒரு இழை தொங்குகிறது. மற்ற விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது. அல்ட்டனேற்றரின் தாங்கியில் கறுப்புத் தூள், விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டுகிறது. வயது போய்த் தேய்கிற பெல்ட் இப்படி ஒருபக்கமாகத் தேயாது.

பிறகு தண்ணீர்ச் சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, தலைப்பின்னலை நன்றாக முடிந்து, கையைத் தூர வைத்துக்கொண்டு, ஸ்பிரே போத்தலால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீச்சவேணும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சத்தம் கொஞ்ச நேரம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. எனக்கு ‘கிச் கிச்’ சட்டென்று நின்றது. காய்ந்ததும் திரும்ப வந்தது.

லைட்டைப் போட்டு மல்டிமீற்றரைப் பற்றரியில் வைத்தேன்: 12.9 வோல்ட். ஓடுகிற எஞ்சினில் 14 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கவேணும்.

ஜூலை 10, வியாழன், போயா

பௌர்ணமி லீவு நாள். மருமகன் ஒரு நீள இரும்பு அடிமட்டம் கொண்டு வந்தான். “மாமி, இது போதுமா?” என்றான். அது போதும், அது நேராக இருந்தால்.

எஞ்சினோடு சுற்றிப் பெல்ட்டை இழுக்கும் கிராங்க் புல்லியிலும் வோட்டர் பம்ப் புல்லியிலும் அடிமட்டத்தைச் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அல்ட்டனேற்றர் புல்லி மட்டும் எஞ்சின் பக்கமாக ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் உள்ளே. இதில் ஒரு கவனம் தேவை. புல்லிகளின் விளிம்புத் தடிப்பு ஒன்றுக்கொன்று வித்தியாசப்படலாம், அதனால் விளிம்பை நம்பி முடிவெடுக்கக்கூடாது. பெல்ட் உட்காரும் பள்ளத்தைப் பார்த்து அளக்கவேணும். பள்ளத்தை அளந்தாலும் அதே 3 மில்லிமீற்றர்.

காரணம் கீழ்ப் போல்ட்டில் இருந்தது. அல்ட்டனேற்றர் அந்த நீளப் போல்ட்டைச் சுற்றித்தான் அசைந்து கொடுக்கும். போல்ட் நுழையும் அதன் காதுக்கும் தாங்கிக்கும் நடுவில் முன்பக்கம் ஒரு வொஷர் இருக்கவேணும். அது இல்லை. வெறும் இடைவெளி, அதற்குள் போல்ட்டின் மேல் உராய்ந்த வெள்ளி வளையம். எப்போதோ யாரோ கழற்றிப் பூட்டியபோது விடுபட்டிருக்கிறது. புது பெல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால் அதுவும் இதே விளிம்பில் இதேமாதிரித்தான் பிய்ந்திருக்கும். கேட்டால் ‘பெல்ட் சரியில்லை, லோக்கல் சாமான்’ என்று சொல்லிவிடுவார்கள். பாதி பெல்ட்டுகள் வீணாகக் கெட்ட பெயர் வாங்குவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளி விட்டு வரும் வழியில் எங்கள் ஊர் அநுராதபுரச் சந்திப் பக்கம் சாமான் வாங்கினேன். பழைய பெல்ட்டின் முதுகை ஈரத்துணியால் துடைத்து, டோர்ச்சைச் சரித்து அடித்து, அதிலிருந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போயிருந்தேன். 4பிகே 850 என்று ஒரு பெல்ட்டில் இருந்தால் வரி நான்கு, நீளம் 850 மில்லிமீற்றர் என்று அர்த்தம். ‘பிகே’ என்பது வரியின் அளவு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 3.56 மில்லிமீற்றர். எண் தெரிந்தால் கார் மொடலைச் சொல்லி வாதாடத் தேவையில்லை.

கடைக்காரத் தம்பி அதே வரியில் கொஞ்சம் நீளமான ஒன்றை எடுத்து, “அக்கா, இதுவும் சமாளிக்கும், இழுத்து இறுக்கலாம்” என்றார். வேண்டாம் என்றேன். அட்ஜஸ்ட் பண்ணும் வளைந்த தாங்கியில் போல்ட் நகரும் பிளவு ஒரு அளவுதான். நீளமான பெல்ட் போட்டால் முதல் நாளே பிளவின் கடைசிக்குப் போய்விடும். பிறகு தளரும்போது இழுக்க இடமிருக்காது. உள்ளே போய்த் தேடிச் சரியான எண்ணுள்ள பெல்ட்டை எடுத்துத் தந்தார். போல்ட்டுக்கு ஏற்ற இரும்பு வொஷரும் வெவ்வேறு தடிப்பில் சிலது வாங்கினேன்.

ஜூலை 12, சனி

வேலை நாள். வெயில் ஏறுமுன் தொடங்கினோம். எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழல் பத்து மணி வரைக்கும்தான்.

முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றவேணும், 10ஆம் நம்பர் ஸ்பானர். இதை விட்டுவிட்டு வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். அல்ட்டனேற்றரின் பின்பக்கத் தடித்த வயர் பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து நேரே வருவது. சாவி போடாவிட்டாலும் அதில் மின் இருக்கும். ஸ்பானர் அதிலும் எஞ்சின் உடம்பிலும் ஒன்றாகப் பட்டால் பொறி பறக்கும், கை வேகும்.

புல்லிப் பக்கத்து முன்சக்கரத்தையும் கழற்றினேன். மேலிருந்து கை போகும், ஆனால் கண் போகாது. ஹாண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜக் போட்டுத் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்கினேன். கழற்றிய சக்கரத்தைப் படுக்கையாகக் காரின் அடியில் தள்ளிவைத்தோம். ஜக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடக்கூடாது என்று மருமகனுக்கும் சொல்லிவைத்தேன்.

எங்கள் காரில் ஏசி பெல்ட் வெளியே, ஃபேன் பெல்ட் உள்ளே. ஏசி பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி முதலில் அதை எடுத்தால்தான் மற்றது வரும். கழற்றுமுன் இரண்டும் ஓடுகிற வழியைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அல்ட்டனேற்றரின் மேல் 12ஆம் நம்பர் போல்ட், கீழே 14. மேலது இலேசாக வந்தது. கீழது உப்புக் காற்றில் துருப்பிடித்து அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தபின்தான் இளகியது. இதுக்கு அவசரப்பட்டு நீளக் குழாய் மாட்டி முறுக்கினால் போல்ட் தலை பறந்துவிடும். அல்ட்டனேற்றரை எஞ்சின் பக்கம் தள்ளியதும் பெல்ட் கையோடு வந்தது.

பெல்ட் இல்லாத நேரம்தான் புல்லிகளைச் சோதிக்க நல்ல நேரம். ஒவ்வொன்றையும் கையால் சுற்றினேன். அல்ட்டனேற்றர் சத்தமில்லாமல் ஓடியது. வோட்டர் பம்ப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. அடியில் இருக்கும் சின்னத் துவாரத்தில் கூலண்ட் வடிந்த தடமும் இல்லை. ஏசி பெல்ட்டை இறுக்கும் புல்லியில் மட்டும் பெயாரிங் மணல் விழுந்தமாதிரிக் கரகரத்தது. அதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

அல்ட்டனேற்றர் புல்லியின் பள்ளங்களில் துரு பொங்கியிருந்தது. கடல் இவ்வளவு கிட்ட இருக்கும் ஊரில், கார் சில கிழமைகள் ஓடாமல் நின்றாலே இப்படி ஆகும். புதுப் பெல்ட்டை அதன்மேல் போட்டால் அரமாய்ப் பெல்ட்டைத் தின்றுவிடும். பித்தளைக் கம்பிப் பிரஷால் ஒவ்வொரு பள்ளமாக மருமகன் தேய்த்தான். கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்தோம். எண்ணெய் ஒன்றும் பூசவில்லை.

வொஷரைப் போட்டுப் பார்த்து, அடிமட்டம் வைத்து, கழற்றி, தடித்ததை மாற்றி, திரும்ப அடிமட்டம் வைத்து என்று அதற்குத்தான் அதிக நேரம் போனது. கடைசியில் மூன்று புல்லியின் பள்ளங்களும் ஒரே கோட்டில் நின்றன. அந்த நேரம் மாமாவும் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

புதுப் பெல்ட்டைப் போடும்போது வரி மாறி உட்காரவிடக்கூடாது. ஒரு வரி வெளியே தொங்கினாலும் மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஓடத் தொடங்கியதும் கிழியும். ஒவ்வொரு புல்லியிலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இறுக்க, அலவாங்கை வைத்து நெம்பாமல் மண்வெட்டிப் பிடியின் துண்டொன்றை வைத்து மெதுவாக நெம்பி, மருமகன் பிடித்துக்கொண்டிருக்க மேல் போல்ட்டை முறுக்கினேன். அல்ட்டனேற்றர் உடம்பு அலுமினியம். இரும்பு அதைப் பிளந்துவிடும்.

எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் கராஜ்களிலும் சண்டை. நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் ஏறக்குறைய 10 கிலோ பாரம் கொடுத்து அழுத்தினால், பல சின்னக் கார்களுக்கு 6 முதல் 9 மில்லிமீற்றர் இறங்கவேணும். அவரவர் காரின் கைநூலில் உள்ள அளவே கடைசிச் சொல். தளர்ந்தால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட இறுக்கினால் அல்ட்டனேற்றர் பெயாரிங்கும் வோட்டர் பம்ப் பெயாரிங்கும் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வோட்டர் பம்ப் மாற்றும் செலவு பெல்ட் செலவைவிட எத்தனையோ மடங்கு. நான் 7 மில்லிமீற்றரில் நிறுத்தினேன்.

ஏசி பெல்ட்டையும் பூட்டி, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் வைத்து எஞ்சினை அது ஓடும் திசையில் கையால் சுற்றி, பெல்ட் புல்லியை விட்டு நகரவில்லை என்று பார்த்தபின்தான் பற்றரி வயரை மாட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் இல்லை. லைட் போட்டேன், காருக்குள் காற்றை ஊதும் புளோவரைப் போட்டேன், அப்போதும் இல்லை. மீற்றரில் 14.1 வோல்ட். அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, “கார் ஓடுதா, நிக்குதா?” என்று கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

உப்புவெளி வரை போய் நிலாவெளி ரோட்டால் திரும்பினேன். ஆறவிட்டு அழுத்திப் பார்த்தபோது கொஞ்சம் இளகியிருந்தது. புதுப் பெல்ட் பள்ளத்தில் படிந்து உட்காரும்போது இப்படித்தான். திரும்ப 7க்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 26, சனி

கண்டி போய் வந்தாயிற்று. போகும்போது கந்தளாயில் நிறுத்தி அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன், பொனட்டையும் ஒருமுறை திறந்து பார்த்தேன். திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. ஹபரணை தாண்டியதும் ரோட்டோரம் தனி யானை ஒன்று நின்றது. முன்னால் நின்ற பஸ்சுக்குப் பின்னால் எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைத் தாழ்த்திக் காத்திருந்தோம். வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது.

இன்று காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தேன். விளிம்பில் நூல் பிரியவில்லை. தாங்கியில் கறுப்புத் தூள் இல்லை. அழுத்தினால் 8 மில்லிமீற்றர். அளவுக்குள் இருக்கிறது, கை வைக்கவில்லை. அதே எண்ணில் இன்னொரு பெல்ட் வாங்கி 12, 14ஆம் நம்பர் ஸ்பானர்களோடு ஸ்பெயார் வீலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கரகரக்கும் ஏசி புல்லி பெயாரிங்கை ஐப்பசி மழை தொடங்குமுன் மாற்றவேணும். மருமகனுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.