காசியப்பனுக்கு முன்னும் பின்னும்: சிகிரியா நாட்குறிப்பு

ஏப்ரல் 5, 2025, சனி

வெயில் ஏறுமுன் இலங்கையின் சிகிரியாப் பாறை உச்சிக்குப் போய்விட்டோம். சிங்கத்தின் பாதங்கள், அரண்மனை அத்திவாரங்கள், பாறையில் குடைந்த குளம் எல்லாம் பார்த்தாயிற்று. இறங்கும்போது தம்பி கேட்டான்: "காசியப்ப ராசா 477இல் வந்து 495இல் செத்துப்போனான். 18 வருசம்தானே அண்ணா?"

தகப்பன் தாதுசேனனைக் கொன்று அரசேறியவன் காசியப்பன். அவனுடைய மாற்றாந்தாய்த் தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு திரும்புவான் என்ற பயத்தில்தான் இந்தப் பாறையில் கோட்டை கட்டினான். 18 வருசம்தான். மற்றக் காலமெல்லாம் இங்கே யார் இருந்தார்கள்? நாளைக்கு மேலே ஏறப்போவதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அடிவாரத்துக் கற்பாறைத் தோட்டத்திலேயே நாள் முழுக்க. கூட்டமெல்லாம் நேரே படிக்கட்டுக்குப் போய்விடுகிறது, இங்கே நிற்பார் இல்லை. குகைகளின் வாய்க்கு மேலே, பாறை நெற்றியில், ஒரு காடி, நீளமான பள்ளம்போல, வெட்டியிருக்கிறது. பிக்குகள் தங்குவதற்காகக் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் வெட்டியது.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு குகைக்குள் ஒதுங்கினோம். தண்ணீர் பாறைமேல் வழிந்து வந்து அந்தக் காடி விளிம்பில் தயங்கி, அங்கிருந்தே சொட்டுச் சொட்டாக வெளியே விழுந்தது. உள்ளே ஒரு துளி வரவில்லை. இரண்டாயிரம் வருசத்துக்கு முன் உளி பிடித்தவர் நினைத்தது இன்றும் அப்படியே நடக்கிறது. எனக்கு உச்சி அரண்மனையைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

நாகபடக் குகையில் பிராமி எழுத்தில் ஒரு வரி: பருமகன் (தலைவன்) நாகுலியின் குகை. என் காதில் 'பெருமகன்' என்றே விழுந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

கண்ணாடிபோல மெருகிட்ட 'கண்ணாடிச் சுவர்' பார்க்க மறுபடி ஏறினேன். முகலன் வென்றதும் தலைநகர் அனுராதபுரத்துக்கே திரும்பியது, பாறை பிக்குகளிடம் போனது. 13, 14ஆம் நூற்றாண்டு வரை மடமாகவே இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில்தான் ஆட்கள் பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களைப் பார்க்க வந்து, சுவரில் கவிதை கீறிவிட்டுப் போனார்கள். தொல்லியலாளர் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டவை மட்டும் 685. எழுதியவர்களில் பிக்குகளும் உண்டு! துறவிகள் வாழ்ந்த மலையில் பொன்னிறப் பெண்களை யாரும் அழிக்காமல் விட்டார்கள் என்பதும், அவர்களைப் பாடவும் இடம் இருந்தது என்பதும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். ஒரு பாறையின் படம். மேலே படிபடியாகக் கொத்திய பள்ளங்கள். காசியப்பனின் ஆட்கள் செங்கல் சுவர் நிறுத்தக் கொத்தியவை. சுவர் போய்விட்டது, பள்ளத்தில் புல் முளைத்திருக்கிறது. அதற்குக் கீழே அந்தக் காடி, மழை ஈரம் காயாமல்.