இரண்டு நாள் வேலை, நான்கு மாதக் கதை

போன வருஷக் கோடையில் எங்கள் வீட்டு மின்சாரக் கணக்கு 880 யூனிட்டைத் தொட்டது. நங்கநல்லூரில் ஒரு மாடி வைத்த தனி வீடு. இரண்டு ஏ.சி., போர் மோட்டார், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன். இரண்டு மாதத்துக்கு ஐந்தாயிரத்து ஐநூறுக்கு மேல் கட்டினோம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மலிவு விலைப் பட்டியலே நமக்குக் கிடையாது என்பதுதான் உறுத்தல். மார்கழியில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் "சோலார் போட்டுடலாம்" என்றார். பொங்கலுக்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

முதல் முட்டுக்கட்டை மாடியில் இல்லை, பெயரில் இருந்தது. மின் இணைப்பு இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பில் வருகிறது, கட்டுகிறோம், யாருக்கும் மாற்றத் தோன்றவில்லை. சோலாருக்கு அரசு தரும் மானியம் வேண்டுமென்றால் விண்ணப்பிப்பவர் பெயரிலேயே இணைப்பும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், சொத்துவரி ரசீது, பெங்களூரில் இருக்கும் நாத்தனாரின் சம்மதக் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பெயர் மாறி வந்த பிறகு பார்த்தால், மின் இணைப்பில் என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் முதலெழுத்து, பாங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். நம் ஊர் முதலெழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது தனி வேலை. அதையும் சரிசெய்துவிட்டுத்தான் விண்ணப்பித்தோம். சோலார் யோசனையே இல்லாவிட்டாலும் உங்கள் கரண்ட் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மானியக் கணக்கு எளிது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். எங்கள் தேவைக்கும் மூன்று கிலோவாட் சரியாக இருந்தது.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆள் மாடிப்படி ஏறவே இல்லை. வாட்ஸப்பில் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அரைமணியில் விலை அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் முப்பதாயிரம் குறைத்துச் சொன்னார். மகன் துருவிக் கேட்டதில்தான் தெரிந்தது, அவர் போடுவதாகச் சொன்ன பேனல் டி.சி.ஆர். வகை இல்லை. டி.சி.ஆர். என்றால் பேனலும் அதன் உள்ளே இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்தவை, அதற்குத்தான் மானியம். முப்பதாயிரம் மிச்சம் பிடித்து 78,000த்தை விட்டிருப்போம்.

மூன்றாவது ஆள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். வந்ததும் பேனலைப் பற்றிப் பேசாமல் சின்டெக்ஸ் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். "மேடம், இப்ப சூரியன் தெற்குல சாஞ்சிருக்கு. இந்த மாசத்துல விழற நிழல்தான் வருஷத்துலயே நீளம். இதுல தப்பிச்சா மத்த மாசம் கவலையில்ல" என்றார். பேனல்களை ஒன்றோடொன்று தொடராக இணைப்பதால், ஒன்றில் நிழல் விழுந்தால் அதன் பங்கு மட்டும் குறைவதில்லை, வரிசை மொத்தமும் அடிபடலாம். கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் பல்பில் ஒன்று போனால் சரம் முழுக்க அணையுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. தொட்டியை வடக்கு ஓரத்துக்கு நகர்த்த பிளம்பருக்குத் தனியாக நாலாயிரம் ஆனது. எந்த விலைப் பட்டியலிலும் இது வராது.

அடுத்த சண்டை அத்தையோடு, அதாவது என் மாமியாரோடு. சண்டை என்று சொல்லக்கூடாது, நியாயம் அவர் பக்கம்தான். "மாடி முழுக்கக் கண்ணாடியை விரிச்சுட்டா நான் வடாம் எங்கம்மா பிழியறது?" மூன்று கிலோவாட்டுக்கு முந்நூறு சதுர அடி போய்விடும். தாழ்வாகப் போட்டால் கீழே குனிந்துகூடப் போக முடியாது. ஆகவே ஆள் நிமிர்ந்து நடக்கும்படி ஏழடி உயரக் கால்கள் வைத்துத் தூக்கிப் போடச் சொன்னோம். அதற்கு இருபத்தெட்டாயிரம் கூடுதல். உயரத் தூக்கினால் காற்று இன்னும் பலமாகப் பிடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது எதிர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்கள் காம்பவுண்டில் வந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இரும்பு எத்தனை மில்லிமீட்டர் கனம், துருப்பிடிக்காமல் பூசும் கால்வனைசிங் எத்தனை மைக்ரான், கால் எப்படித் தளத்தில் நிற்கும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். மாடித் தரையில் பதித்த தட்டோட்டின் மேலேயே துளை போட்டு போல்ட் முறுக்க விடவில்லை. கால் வரும் இடத்தில் மட்டும் அந்த ஓடுகளைப் பெயர்த்து, கான்கிரீட்டில் நங்கூர போல்ட் இறக்கி, மேலே சின்னப் பீடம் கட்டி, சுற்றிலும் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பூசினார்கள். ஐப்பசி மழை முழுக்க சீலிங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரம் இல்லை.

பேனல் ஏறிய கதை சீக்கிரம் முடிந்தது. 540 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், இருபத்தெட்டு கிலோ. மாடிப்படித் திருப்பத்தில் நுழையாததால் வெளியிலிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். வாசலில் செம்பருத்திக்குப் பக்கத்தில் மூன்று எர்த் குழி: பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. படிக்கட்டுச் சுவரில், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர். இரண்டாம் நாள் மாலை பையன்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கிளம்பும்போது ஒன்று செய்தார்கள். "சும்மா டிரயல் பாக்கறோம்க்கா" என்று ஆன் செய்து, போனில் ஆப் வைத்துக் காட்டினார்கள். அணைக்காமலே போய்விட்டார்கள். நாங்களும் விடவில்லை. தினமும் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட் என்று ஆப் காட்டக் காட்ட ஒரே குதூகலம். ஒன்பதாம் நாள் மத்தியானம், வீட்டில் பிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். எண் கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் செலவாகாத சோலார் மின்சாரம் வெளியே லைனுக்குப் போய்விடும். அதைத் தனியாக எண்ணும் நெட் மீட்டர் இன்னும் வரவில்லை. பழைய மீட்டருக்கு உள்ளே வரும் மின்சாரம், வெளியே போகும் மின்சாரம் என்ற பேதம் தெரியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் நம் தலையில் எழுதிவிட்டது. நாங்கள் ஊருக்குக் கொடுத்த எழுபது, எண்பது யூனிட்டுக்கும் நாங்களே பணம் கட்டினோம். நிறுவனத்துக்குப் போன் செய்தால், "அதெல்லாம் பெரிசா ஒண்ணும் ஆகாது மேடம்." ஆனது எங்கள் பில்லில்தானே! சோலாருக்கான பிரேக்கர் சுவிட்சை இறக்கிவிட்டேன். நெட் மீட்டர் மாட்டும்வரை, யார் என்ன சொன்னாலும், அதை ஏற்றவே கூடாது.

பிறகு ஐந்து வாரம் ஆறு பேனலும் வெயிலில் சும்மா கிடந்தன. மின்வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்தார், எர்த்திங் அளவெடுத்தார்கள், பேனல்களின் வரிசை எண்கள் இணையத்தில் ஏறின, பங்குனிக் கடைசியில் புது மீட்டர் மாட்டினார்கள்.

சித்திரையில் ஒரு நாள் பட்டப்பகலில் கரண்ட் போனது. எதிர் வீட்டு மாமா கேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்: "என்ன, உங்க வீட்டுலயும் ஃபேன் நின்னுடுச்சா? மாடில அவ்ளோ பெரிய சோலார் எதுக்கு?" இதைப் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். லைனில் மின்சாரம் இல்லாதபோது இந்த வகை இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் போகக்கூடாதல்லவா. கரண்ட் போனாலும் சோலார் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வைத்த வகை வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். பழைய பேட்டரி யு.பி.எஸ்.ஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தோம், பிழைத்தோம். "இன்வெர்ட்டர்" என்ற ஒரே சொல் சோலார் பெட்டிக்கும் பேட்டரி யு.பி.எஸ்.ஸுக்கும் இருப்பதால் வரும் குழப்பம் இது.

முதல் முழுக் கோடை பில்லில் உள்ளே வாங்கியது 620, வெளியே கொடுத்தது 440, நிகரம் 180 யூனிட். பில் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. அத்தைக்கு நம்பிக்கையில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

கத்திரி வெயிலில் அள்ளிக் கொட்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். புது மீட்டர் மாட்டிய புதிதில் ஒரு நாளைக்குப் பதினாலு யூனிட் காட்டியது, கத்திரியில் பன்னிரண்டரைக்கு வந்தது. பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் சூடேற ஏற உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஐப்பசி அடைமழையில் மூன்று யூனிட்டோடு திருப்திப்பட்ட நாட்களும் உண்டு.

கழுவுவதற்கு எங்கள் போர் தண்ணீர் உதவாது. முதல் தடவை மத்தியானத்தில் ஹோஸ் பிடித்துக் கழுவியதில், காய்ந்ததும் கோலமாவு கொட்டினாற்போல உப்புக்கறை. இப்போது விடியற்காலையில், மெட்ரோ வாட்டர் இரண்டு பக்கெட், நீளக் கழி வைத்த மெத்தென்ற துடைப்பான்.

மானியம் 78,000 ரூபாய், புது மீட்டர் வந்த ஆறாவது வாரம் வங்கிக் கணக்கில் ஏறியது. அத்தை வடாமைப் பேனலுக்கு அடியில் பிழிவதில்லை, அங்கே நிழல். தெற்கு ஓரத்தில் பாக்கியிருந்த வெயிலைப் பிடித்துக்கொண்டார். நிழலில் நாற்காலி போட்டுக் காக்கை விரட்டுகிறார். காக்கை பரவாயில்லை. பேனலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு ஜோடிப் புறா குடிவந்திருக்கிறது. வலை கட்டும் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார், மூன்று ஞாயிறு போய்விட்டது.