புலிக்கால், நாய்க்கால்

சியோல் அருங்காட்சியகத்தில் இன்று தரையோடு தரையாகக் குந்திவிட்டேன். காவலர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சோபான். ஒருவர் தரையில் அமர்ந்து சாப்பிடும் குட்டி மேசை.

பாதம் வெளியே வளைந்தால் ஹோஜோக்பான், புலிக்கால். உள்ளே மடங்கினால் குஜோக்பான், நாய்க்கால். புலி கிளம்பத் தயாராக நிற்கிறது. நாய் வாசலில் காத்திருக்கிறது. (கற்பனை என்னுடையது.)

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நாற்காலியிலும் இதே மாதிரி வளைவு உண்டு. கேப்ரியோல் கால் என்பார்கள். பல நாற்காலிகளில் அடியில் உருண்டையைக் கவ்விய நகம் வேறு. சீன டிராகன் முத்தைப் பிடித்திருக்கும் உருவம்தான் அதற்கு மூலம் என்று ஒரு பேச்சு.

ஆனால் அந்தக் கால் மனிதரைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறது.

பழைய கொரிய வீட்டிலோ கதகதப்பே தரையில்தான். ஒண்டோல் முறையில் அடுப்பின் சூடும் புகையும் தரைக்கடியில் ஓடும். குளிர்காலத்தில் யார் எழுந்து நாற்காலிக்குப் போவார்? மேசைதான் இறங்கி வர வேண்டும். அதுவும் சமையலறையிலிருந்து சோற்றோடு, ஒரே ஆள் தூக்கி வரும் எடையில்.

நாய்க்காலில் ஒரு பாதம் மட்டும் தேய்ந்திருந்தது.

எத்தனை வேளைச் சோறு சுமந்ததோ.