மகள் கையில் வீட்டுச் செலவு

ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வந்துவிடும். கல்லூரி திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகளை டைப்பிங், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று அனுப்புவார்கள். நான் என் மகள் கையில் வீட்டுச் செலவுப் பணத்தைக் கொடுத்தேன். கோவில்பட்டியை விட்டு ஒரு வாரம்கூடத் தனியாக இருந்திராதவள். கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ஹாஸ்டல் வாசம் என்று முடிவானதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: பணம் பத்தாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை நம் கண்முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிடட்டும்.

மளிகை, பால், காய்கறி, சிலிண்டர், கரண்ட் பில் எல்லாமே அவள் பொறுப்பு. தீர்ந்தால் ஒன்றாம் தேதிவரை என்னிடம் கேட்கக் கூடாது. முதல் பத்து நாள் வீட்டில் பன்னீர், காளான், ஞாயிறு மட்டன் என்று அமர்க்களம். இருபதாம் தேதிவாக்கில் சிலிண்டர் தீர்ந்தது. அதே வாரம் மின்வாரியத்தின் எஸ்எம்எஸ்.

“அம்மா, போன மாசம் கரண்ட் பில்லே வரலையே?”

“ரெண்டு மாசத்துக்கு ஒருதடவைதான் பாப்பா ரீடிங் எடுப்பாங்க. முதல் நூறு யூனிட் இலவசம், மிச்சத்துக்குக் கட்டணும்.”

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வாரம் முழுக்க ரசமும் துவையலும்தான் சாப்பிட்டோம். அவள் அப்பா ஒரு ஐநூறு ரூபாயை நீட்டினார், நான் விடவில்லை. அடுத்த மாதம் செலவு நோட்டைத் திறந்ததுமே முதல் வரியில் ‘கரண்ட் – பாதி’ என்று எழுதி, அந்தப் பணத்தைத் தனிக் கவரில் போட்டுவிட்டாள்.

டீ, ஜெராக்ஸ், பிரியாணி என்று தினமும் ஆகும் செலவு பிள்ளைகளுக்கே தெரியும். எப்போதாவது வருகிற செலவுதான் மாதத்தைக் கவிழ்த்துவிடும். செமஸ்டருக்கு ஒருமுறை பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட், ஊருக்கு வரும் டிக்கெட் எல்லாம் அந்த வகைதான். அதற்கு மாதாமாதம் ஒரு பங்கு ஒதுங்கியிருக்க வேண்டும். இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது ஒன்றாம் தேதி மொத்தப் பணத்தையும் போட்டுவிடுகிறேன். மெஸ் பில்லையும் அவளேதான் கட்டுகிறாள். அவள் ஹாஸ்டலில் டிவைடிங் முறை, ஆகிற செலவைச் சாப்பிட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். லீவில் ஊருக்கு வருமுன் மெஸ்ஸில் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். தானே பில் கட்டுவதால் அதை மறப்பதே இல்லை. கைச்செலவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரக் காசை யூபிஐ லைட்டில், அதாவது யூபிஐ ஆப்பிலேயே சின்னச் செலவுக்கென்று இருக்கும் தனிப் பையில், ஏற்றிக்கொள்கிறாள். அதில் 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஒருதடவைக்கு 1,000 வரை பின் போடாமல் செலுத்தலாம். லைட் காலியானால் அந்த வாரம் முடிந்தது என்று அவளே கணக்கு வைத்திருக்கிறாள்.

அவள் அப்பாவுக்கு யூபிஐ சர்க்கிள் யோசனை இருந்தது. நம் கணக்கிலிருந்தே பிள்ளை செலவு செய்யலாம், மாதம் 15,000 வரை நாம் வரம்பு வைக்கலாம். தனக்கென்று கணக்கு இல்லாத பிள்ளைக்கு நல்ல வசதிதான். ஆனால் சனிக்கிழமை அவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொரு தடவையும் நம் போன் மணியடிக்கும். எனக்கு அந்த விவரம் வேண்டாம். ஏதாவது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றினால் தயங்காமல் என்னைக் கூப்பிட வேண்டும், அது போதும்.

முதல் செமஸ்டரிலேயே அப்படி ஒரு போன் வந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல். “அம்மா, ரூம்மேட்டுக்குத் தெரிஞ்சவங்க யாரோ அக்கவுண்ட் கேக்குறாங்களாம். பணம் வரும், எடுத்துக் குடுத்தா கமிஷன் தர்றாங்களாம். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் குடுத்தாப் போதுமாம்.”

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தை இப்படித்தான் மாணவர்கள் கணக்கு வழியாக வெளியே எடுக்கிறார்கள். புகார் வந்தால் முதலில் முடங்குவது அந்தக் கணக்கு, போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரை. “முடியாதுன்னு சொல்லிடு. ஏன்னு கேட்டா எங்கம்மா விடமாட்டாங்கன்னு என் பேரைச் சொல்லு. அந்தப் பிள்ளைகிட்டயும் எடுத்துச் சொல்லு” என்றேன். அந்தப் பெண்ணும் கொடுக்கவில்லை. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் போடவே வேண்டாம், யாராவது போடச் சொன்னால் அது திருட்டு என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும் என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன். இதைச் சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் வெளியூருக்கு அனுப்பாதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆதார் இணைத்த கணக்கில் பணம் நேராக விழும். அந்தக் கணக்கை அவள் ஜிபேயில் சேர்க்கவே இல்லை. பரீட்சைக் கட்டணமும் டிக்கெட்டும் அதிலிருந்துதான். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. தீபாவளிக்கு ஊர் வர, முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே உட்கார்ந்து டிக்கெட் போட்டுவிட்டாள். அந்தச் சமயத்து ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். பள்ளியில் படிக்கும்போது மைனராகத் தொடங்கிய கணக்கு என்றால், பதினெட்டு வயது முடிந்ததும் பிள்ளையை நேரில் கூட்டிப்போய் கையெழுத்து, கேஒய்சி என்கிற அடையாளச் சான்றுகள் எல்லாம் புதிதாகக் கொடுத்து மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாமல் நிறுத்திவிடுவார்கள். ஊரில் இருக்கும்போதே உங்கள் கிளைக்குப் போய் முடித்துவிட்டு அனுப்புங்கள்.