செவலை கற்ற வித்தை

எங்கள் வீட்டுச் செவலைக்குப் பதினொரு வயசு. நாய்க் கணக்கில் அது பென்சன் வாங்குகிற வயசு. சிப்பிப்பாறை ரத்தம் ஓடுகிற குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சிப்பிப்பாறை என்றால் முயலை விரட்டிப் பிடிக்கிற இனம். ரத்தம் ஓடியிருக்கலாம், செவலை ஓடி நான் பார்த்ததில்லை. காலையில் முத்தத்தில் வெயில் விழுகிற இடத்தில் படுப்பான். வெயில் நகர நகர அவனும் நகர்வான். கன்னடியன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனால் கூடவே வந்து, படித்துறையில் நம் துண்டின் மேல் படுத்துக்கொள்வான்.

கோடை லீவுக்குச் சென்னையிலிருந்து அக்கா மகள், அதாவது என் மருமகள், வந்தாள். அவர்கள் அடுக்குமாடியில் ஒரு லாப்ரடார் இருக்கிறதாம், கை கொடுக்குமாம், பந்தைக் கவ்விவந்து காலடியில் போடுமாம். "நம்ம செவலைக்கு என்ன தெரியும் மாமா?" என்றாள்.

"கீழத்தெரு நாய் ஒண்ணு நம்ம தெருவுக்குள்ள வராது. அது தெரியும்" என்றேன். அவள் கணக்கில் அது வித்தையில் சேராதாம்.

"ஏட்டி, ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? கெழடு தட்டுன நாய்க்கு என்னத்தப் படிச்சுக் குடுக்கப் போற?" என்றாள் என் அம்மா. ஐந்தில் வளையாதது பழமொழியை எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்று முழுசாகவே சொல்லிவிட்டுப் போனார், அதனால் நான் சொல்லவில்லை.

பிள்ளை சும்மா விடுவாளா? போனில் தேடி ஒரு ஆராய்ச்சியைப் பிடித்துவிட்டாள். 2016இல் வியன்னாக்காரர்கள் வெளியிட்டது. 5 மாசக் குட்டியிலிருந்து 13 வயசுக் கிழம் வரை 95 பார்டர் கோலி நாய்களைத் தொடுதிரை முன்னால் நிறுத்திப் படம் காட்டியிருக்கிறார்கள். சரியான படத்தை மூக்கால் தொட்டால் தீனி. வயசான நாய்கள் படிக்க ரொம்ப நேரம் எடுத்ததாம், செய்த தப்பையே திரும்பத் திரும்பச் செய்ததாம். ஆனால் 'இது இல்லை, அப்போ அதுதான்' என்று கழித்துக் கண்டுபிடிப்பதில் இளசுகளைவிடக் கெட்டி. படித்ததை ஆறு மாசம் கழித்துக் கேட்டாலும் மறக்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாய் கையிலயும் செல்லக் குடுத்துட்டானுவளா?" என்றாள்.

மறுநாளே பாடம் தொடங்கிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் வாங்கிவந்த நாய் பிஸ்கட்டைச் செவலை மோந்து பார்த்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலுக்குப் போய்விட்டான். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் கோழியை அவித்துச் சுண்டல்கடலை அளவுக்குப் பிய்த்து வைத்ததும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தான். துண்டை அவன் மூக்குக்கு நேரே பிடித்துத் தலைக்கு மேலே மெதுவாகப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே வரும். உட்கார்ந்த அந்த நொடியே தீனி வாயில் விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் எதற்குக் கூலி வந்தது என்று நாய்க்கு விளங்காது. கொட்டாவி விட்டதற்கு என்றுகூட நினைத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், செவலைக்குக் காது மந்தம். "ஒக்காரு" என்று மருமகள் தெருவே கேட்கக் கத்துவாள், அவன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதில் சந்தேகப்பட இடமிருக்கிறது, ஏனென்றால் பிரிட்ஜ் கதவைத் திறந்தால் புறவாசலிலிருந்து வந்துவிடுவான். அது காதா மூக்கா என்று இதுவரை தெரியவில்லை. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். டாக்டர் காதைப் பார்த்தார், இடுப்பை அமுக்கிப் பார்த்தார். மூட்டு இறுகியிருக்கிறது, வழுக்குகிற டைல்ஸில் உட்காரச் சொல்லாதீர்கள், ஒரு தடவைக்கு நாலைந்து நிமிசம் போதும், வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுங்கள் என்றார்.

ஆக, சைகைப் பாடம். உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தினால் உட்கார வேண்டும். கையை முன்னால் நீட்டினால் முன்னங்காலைத் தூக்கி அதில் வைக்க வேண்டும். கோழி வாசனையில் செவலை இரண்டையும் பிடித்துக்கொண்டான். புறவாசலில் மட்டும்தான். முத்தத்துக்கு வந்ததும், உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்பதுபோல மருமகளைப் பார்த்தான். ஓரிடத்தில் படித்தது இன்னோரிடத்துக்கும் பொருந்தும் என்று நாய்க்குத் தானாகத் தோன்றாதாம். எனவே முத்தத்தில் ஒரு பாடம், திண்ணையில் ஒரு பாடம், தெருவில் ஒரு பாடம். அந்தக் கோடையில் எங்களைவிடச் செவலைதான் அதிகம் கோழி தின்றான்.

தெருவில் பாடம் முடிந்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப்பக்கம் கையை ஆட்டாமல் யாருக்கும் பேச வராது. மீன்காரம்மாவோடு விலை பேசும்போது அம்மா கையைத் தூக்குவாள், செவலை உட்காருவான். "அதெல்லாம் கட்டாது" என்று மீன்காரம்மா தன் கையைத் தூக்குவாள், செவலை எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருவான். உட்கார்ந்தபின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். கூலி?

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க ஆட்கள் வந்தபோது நான் உள்ளே பணம் எடுக்கப் போயிருந்தேன். கணக்கு எழுதுகிற அண்ணாச்சி வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். செவலை போய்க் காலைத் தூக்கி அவர் கையில் வைத்துவிட்டான்.

"என்ன இது, வரி கேட்டா கால நீட்டுதான்?"

"அவங்கிட்ட இருக்கதத்தான தருவான்" என்றாள் அம்மா.

கொடை அன்றைக்கு ஊரே கோயிலில். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, ஒரு பக்கம் நையாண்டி மேளம், நடுவே வேட்டு. முன்னெல்லாம் வேட்டுச் சத்தத்துக்குச் செவலை கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவான். காது மங்கியதில் அந்தப் பயம் தீர்ந்துவிட்டது. மருமகள் பின்னாலேயே வந்து, கூட்டத்தின் முன்வரிசையில் எங்களோடு நின்றான்.

சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி ஆடிக்கொண்டே வந்தார். எங்கள் குடும்பத்துக்கு முன்னால் வந்ததும் நின்று, உடம்பைக் குலுக்கி, வாக்குச் சொல்ல வலது கையை உயர்த்தினார். செவலை நடுவே போய், இறுகிய இடுப்பை ஒருபக்கமாகச் சாய்த்து, மெல்ல உட்கார்ந்தான். அம்மாவுக்குத் திருநீறு கொடுக்க அவர் கையை நீட்டினார். செவலை காலை எடுத்து அதில் வைத்தான்.

மேளம் ஒரு தட்டு தவறியது. பின்னால் ஒரு ஆச்சி "பைரவரு!" என்று கத்திக் குலவை போட, பெண்கள் கூட்டம் மொத்தமும் குலவை போட்டது. கோமரத்தாடி சுதாரித்துக்கொண்டு செவலை நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆனால் செவலை எழுந்திருக்கவில்லை. வித்தை இரண்டு செய்திருக்கிறான், கூலி ஒன்றுகூட வரவில்லை. மருமகள் கையிலோ கோழி இல்லை. கோமரத்தாடி இடப்பக்கம் ஆடிப் பார்த்தார், வலப்பக்கம் ஆடிப் பார்த்தார், வழி இல்லை. கடைசியில் குனிந்து, சாமிக் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் என் காதோரம், "ஏ மக்கா, நாயக் கொஞ்சம் புடிப்பா" என்றார். யாரோ படையலிலிருந்து வாழைப்பழத்தை உரித்து நீட்ட, அதை வாங்கித் தின்றுவிட்டு, நின்று ஒரு தடவை உடம்பை உதறிவிட்டுத்தான் செவலை வழிவிட்டான்.

மறுநாள் வரிக்குக் கறிப் பங்கு பிரித்துக்கொடுக்கும்போது கணக்கு அண்ணாச்சி நோட்டைத் தட்டிக்கொண்டே, "ஒங்க வீட்டுல சாமி கும்பிடுத ஆள் ஒண்ணு கூடிருக்கு போல. அடுத்த கொடைக்கு ரெண்டு வரியா எழுதிரவா?" என்றார்.

"தாராளமா எழுதிக்கிடுங்க" என்றாள் அம்மா. "ரெண்டாவது பங்கு மட்டும் எலும்பாப் பாத்துப் போடணும்."