துரியோதனன் நாடு திரும்பிவிட்டான், ஊர் திரும்பவில்லை

கம்போடியா போகிற நம்மவர்கள் பெரும்பாலும் அங்கோர் வாட், பாயோன், தா புரோம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சியெம் ரீப்பிலிருந்து வடகிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கோ கெர் வரும். கி.பி. 928இல் நான்காம் ஜெயவர்மன் தலைநகராக்கிய இடம். இருபது வருஷம்கூட அது தலைநகராக நீடிக்கவில்லை. அங்கே ஏழு அடுக்காக எழும்பி நிற்கும் பிரசாத் தோம் கோயிலைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. நான் போனது, துரியோதனன் சிலை திருடுபோன பிரசாத் சென் என்ற சின்னக் கோயிலுக்காக.

செம்புராங்கல்லில் கட்டிய மூன்று கோபுரங்கள், இடிந்த சுற்றுச்சுவர், சுற்றிலும் காடு. விஷ்ணு கோயில். மேற்கு வாசல் மண்டபத்துக்குள் போனால் ஒன்றுமே இல்லை. கல்லில் பாசி, காலுக்கடியில் சருகு. ஓரமாகக் கிடந்த ஒரு உடைந்த கல்லுக்கு முன்னால் யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். பாதி எரிந்த குச்சிகள் மண்ணில் நின்றன.

இந்த மண்டபத்தில்தான் மகாபாரதப் போரின் கடைசிக் கட்டம் சிலையாக நின்றது. கதாயுதத்தோடு மோதும் பீமனும் துரியோதனனும் நடுவில், தன் சீடர்கள் சண்டையைப் பார்க்கும் பலராமன் ஒரு பக்கம், சுற்றி உட்கார்ந்து பார்க்கும் பாண்டவர்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுவரில் செதுக்கிய சிற்பமில்லை இது. தனித்தனியாக, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்குச் செய்த முழுச் சிலைகள். உள்ளே நுழைந்தவர் சண்டைக்கு நடுவிலேயே போய் நின்றிருப்பார்.

1970களின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர் நடந்த நேரத்தில், கொள்ளையர்கள் இந்தச் சிலைகளைக் கணுக்காலில் உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். பீடத்தில் பாதங்கள் மட்டும் மிஞ்சின. துரியோதனன் 1975இல் லண்டனில் விலை போனான். பீமன் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் மியூசியத்துக்குப் போனான். உட்கார்ந்திருந்த இருவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கதவுக்கு இருபுறமும் காவலாளிகள் மாதிரி வைக்கப்பட்டார்கள். தம்பிகளை அண்ணனிடமிருந்து பிரித்து, யாரென்றே தெரியாமல் நிறுத்தியிருந்தார்கள்.

மிஞ்சிய அந்தப் பாதங்கள்தான் கடைசியில் சாட்சி சொல்லின. 2011இல் சோதபிஸ் ஏல நிறுவனம் துரியோதனனை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது கம்போடியா எதிர்த்தது. பிரெஞ்சு ஆய்வாளர் எரிக் பூர்தொனோ எந்தச் சிலை எந்தப் பீடத்துக்கு உரியது என்று பொருத்திக் காட்டியிருந்தார். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2013 டிசம்பரில் சமரசம் ஆனது. அதே வருஷம் மெட்ரோபாலிட்டன் தன் இருவரையும் அனுப்பியிருந்தது. 2014இல் துரியோதனன், பீமன், பலராமன் மூவரும் நாடு திரும்பினார்கள்.

இப்போது அவர்கள் இருப்பது கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் தேசிய அருங்காட்சியகத்தில், அரண்மனைக்குப் பக்கத்துச் சிவப்புக் கட்டடம். அங்கே துரியோதனனின் முன் நெடுநேரம் நின்றேன். முழங்கால் மடக்கி, உடம்பை ஒருக்களித்து, அடுத்த நொடி பாயப் போகிறவன். இடுப்புத் துணியின் மடிப்புகூட அந்த வேகத்தில் சரிந்திருக்கிறது. பார்வையைக் கொஞ்சம் இறக்கினால் கணுக்காலில் அந்த உடைப்பு. மணற்கல் அங்கே மட்டும் பொருக்குப் பொருக்காக இருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. உளி வைத்தவன் வறுமையில் வைத்திருக்கலாம். பாதமில்லாத சிலையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், பாதம் எங்கே என்று ஒரு முறைகூடவா கேட்கவில்லை?

நாட்டுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு முடிந்ததா? என் டிரைவர் கோ கெர் பக்கத்து ஊர்க்காரர். புனோம் பென்னில் இருக்கும் இந்தச் சிலைகளை அவர் பார்த்ததே இல்லை. போய் வர ஒரு நாள் கூலி போய்விடும், தங்கும் செலவு வேறு. ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள் அவர் ஊர்க்காரர்கள். பழைய சிலைகளில் ஊரைக் காக்கும் 'நியாக் தா' குடியிருப்பதாக நம்புகிறவர்கள்.

அதற்காகத் திறந்த மண்டபத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்ல மாட்டேன். 1993இல் சியெம் ரீப்பில் சிலைகளைப் பாதுகாத்துவைத்த கிடங்கையே ஆயுதத்தோடு வந்து கொள்ளையடித்திருக்கிறார்கள். அச்சு அசலான நகல்களை மண்டபத்தில் நிறுத்தலாம். அசல் சிலைகளுக்குக் கோ கெரிலேயே காவலோடு ஒரு நல்ல அருங்காட்சியகம் கட்டலாம். 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், பணம் திரட்ட முடியாதா என்ன? வாங்கி வைத்திருந்த மியூசியங்களும் ஏல நிறுவனங்களும் இதில் பங்கு கொடுக்க வேண்டும். சிலையை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கைகழுவினால் போதாது.

போகிறவர்கள் முதலில் புனோம் பென் சிலைகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் கோ கெர் போங்கள். யார் எங்கே நின்றிருப்பார் என்று அந்த மண்டபத்தில் உங்களுக்கே பிடிபடும். காட்டுக்குள் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.